மழைக்கால வெள்ளத்த நிலத்தடியில சேத்து வச்சு வெயில் காலத்துல பாசனத்துக்கு எடுக்க முடியுமா?

முடியும். ஆனா குழி வெட்டுனா போதும்னு நெனச்சீங்கன்னா என்னைய மாதிரி ஒரு வருசம் வேஸ்ட்டாப் போகும்.

நான் பர்மாவுல பெகு பக்கம். மழைக்கு நெல்லு, தைக்கு மேல கிணத்த நம்பி கத்திரி, வெண்ட, கொஞ்சம் புளிச்சக்கீர, அதான் இங்க சின்பாங், சந்தையில எப்பவும் போகும். கூத்து என்னன்னா வைகாசியில இருந்து ஐப்பசி வரைக்கும் ஓடை பொங்கி வயல்ல நிக்கும், 2023 அக்டோபர்ல பெகு டவுனே முங்குச்சு, அதே மண்ணுல திஞ்சான், அதான் சித்திரையில வர்ற பர்மா புதுவருசம், வர்றப்ப கிணத்துல வாளி தரை தட்டும்.

மொத வருசம் தாழ்வான மூலையில ஒரு குட்டைய வெட்டி வெள்ளத்த நேரா திருப்பி விட்டோம். ஒரே நாள்ல ரொம்பிருச்சு, எங்கய்யா தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டு காட்டுனாரு. கார்த்திகை வரைக்கும் அப்படியே நின்னுச்சு, வாத்து நீந்துச்சு, கிணத்துல ஒரு சாண் ஏறல. போர் போடற அண்ணன் வந்து பாத்துட்டு, "பதினாலு அடிக்கு கீழதான்டா மணலு, நீ களியில தண்ணிய நிறுத்தி என்ன பண்ணப்போற"ன்னு கேட்டாரு. போதாததுக்கு வெள்ளத்தோட வந்த வண்டல் அடியில படிஞ்சு ஆடை மாதிரி மூடிக்கிச்சு. நூறுக்கு அம்பது அடி குட்டையில ஒரு நாளைக்கு ஒரு அடி எறங்குனா ஒன்னே கால் லட்சம் லிட்டருக்கு மேல உள்ள போகும், எங்களுக்கு ஒரு இஞ்சு கூட எறங்கல.

மறு வருசம் குட்டைக்குள்ளயே நாலு எடத்துல மணல் தட்டற வரைக்கும் தோண்டி கல்லு, ஜல்லி, மேல மணல்னு அடுக்கி வச்சோம், முன்னாடி வண்டல் படியறதுக்குன்னே தனியா ஒரு சின்ன குழி. முதல் வெள்ளத்த உள்ள விடறதில்ல, கலங்கல் போயி கொஞ்சம் தெளிஞ்ச பிறகுதான் வாய்க்கால அடைச்சிருக்கற பலகைய தூக்குவோம். நடுவுல மழை விட்டா காயவிட்டு மேல் மணல சுரண்டி எடுக்கணும், இந்த வேலைக்குத்தான் ஆளு கிடைக்கமாட்டேங்குது. உத்தரப்பிரதேசத்துல ராம்பூர் ஜில்லாவுல 2015ல ஊர்க் குட்டைக்குள்ள பத்து ரீசார்ஜ் கிணறு, அதான் தண்ணிய நிலத்துக்குள்ள எறக்கற கிணறு, போட்டு செஞ்சதும் ஏறக்குறைய இதே முறைதான். தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் பக்கம் அட்லாண்டிஸ்ல 1979ல இருந்து டவுன் மழைத்தண்ணிய மணல் குட்டையில எறக்கி திரும்ப எடுக்கறாங்க, அங்க பூரா மணலு, குடுத்து வச்சவங்க. கலிஃபோர்னியாவுல டான் கேமரன்ங்கற விவசாயி 2011ல ஆத்து வெள்ளத்த திராட்சை தோட்டத்துக்குள்ளயே நிறுத்துனாரு, கொடி சாகல. அதப் பாத்துட்டு நீங்க கத்திரி வயல்ல செஞ்சுறாதீங்க, வேர் அழுகிரும்.

இன்னொன்னு, வெள்ளத்த போர் பைப்புல நேரா விடாதீங்க. மேக்கால வயல்ல அடிச்ச மருந்தும் மாட்டுச்சாணியும் அப்படியே நாம குடிக்கிற தண்ணியில போய் சேரும்.

இப்ப பங்குனியிலயும் மோட்டார் ரெண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்குது, முன்ன முக்கா மணியில காத்து வாங்கும். பக்கத்து தோட்டத்து மாமா கிணறும் சேர்ந்து ஏறியிருக்கு, அவரு ஒரு கூடை மண்ணு கூட தூக்கல. வர்ற வருசம் வண்டல் வார மம்பட்டியோட வரச் சொல்லியிருக்கேன், வர்றேன்னுதான் சொன்னாரு.