திரும்பி வரும் படகை முதலில் பாருங்கள்

கேள்வி: குடும்பத்தோடு ஒரு சிறிய தீவுக்குப் போய் 3 இரவுகள் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஃபெர்ரியில் 2 மணி நேரப் பயணம். மனைவி, 7 வயது மகள், 3 வயது மகன், 71 வயது அம்மா எல்லோரும் வருகிறார்கள். மனைவிக்குப் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். அம்மாவுக்குக் கிளாகோமா என்னும் கண் அழுத்த நோய் உண்டு, மூட்டு வலியும் உண்டு. எந்தப் படகில் போவது, எங்கே உட்காருவது, மாத்திரை போட்டுக்கொள்ளலாமா, காரையும் ஏற்றிச் செல்லலாமா?

பதில்: நீங்கள் கேட்ட நான்கும் போகும் படகைப் பற்றியவை. திரும்பி வரும் படகைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பயணிகள் படகில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அங்கிருந்தே தொடங்குகிறேன். படகு ஓடாததால் தீவுக்குப் போக முடியாத குடும்பங்கள் வருத்தத்தோடு வீடு திரும்பிவிடும். தீவில் மாட்டிக்கொண்டவர்கள் பாடுதான் பெரும்பாடு. தங்கிய அறையை அன்று மதியமே வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும். மறுநாள் காலையில் விமானமோ பிள்ளைக்குத் தேர்வோ காத்திருக்கும். அதனால் டிக்கெட் எடுக்கும்போது திரும்பும் நாளின் கடைசிப் படகை எடுக்காதீர்கள். அன்றைய முதல் படகை எடுங்கள். அது ஓடவில்லை என்றால் அடுத்தது இருக்கும். திரும்பி வந்த பிறகு குறைந்தது ஒரு முழு நாளாவது வேறு வேலை இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். 3 இரவுத் தங்கலை 2 ஆக்கினால்தான் அந்த நாள் கிடைக்கும் என்றால், 2 ஆக்குங்கள்.

படகு ஏன் நிற்கிறது என்பது தெரிந்திருந்தால் இதன் அருமை புரியும். வெயில் அடிக்கிறது, காற்றும் இல்லை, ஆனாலும் படகை நிறுத்திவிட்டார்களே என்று டிக்கெட் கொடுக்கும் இடத்தில் சண்டை பிடிப்பவர்களைப் பலமுறை சமாதானப்படுத்தியிருக்கிறேன். நடுக்கடல் அலையைப் படகு தாங்கிவிடும். அது தீவின் துறையில் அணைந்து நிற்க முடியாமல் போவதுதான் சிக்கல். பெரிய துறைமுகங்களில் அலைத்தடுப்புச் சுவர் இருக்கும். சிறிய தீவுகளில் பெரும்பாலும் ஒற்றைப் படகுத்துறைதான், அதுவும் ஏதாவது ஒரு திசைக்குத் திறந்தே கிடக்கும். அந்தத் திசையிலிருந்து நெடிய அலை வந்தால் கட்டிய படகு ஏறியிறங்கித் துறையில் மோதும். அந்த அலை பல நூறு கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலில் பிறந்து, புயல் ஓய்ந்த பிறகும் வந்துகொண்டிருக்கலாம். ஆகவே தங்குமிடத்துக்காரரிடம் இப்போதே கேளுங்கள்: உங்கள் துறைக்கு ஆகாத காற்று எது? தீவில் வாழ்கிறவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். கிளம்புவதற்கு 3 நாள் முன்பிருந்து வானிலை முன்னறிவிப்பில் அந்தத் திசையைக் கவனித்து வாருங்கள்.

முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தோடு அலையின் உயரத்தையும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். 10 விநாடிக்கு ஒருமுறை வரும் 1 மீட்டர் அலை படகைத் தூக்கி மெல்ல இறக்கிவிடும். அதே உயரம் 4 விநாடிக்கு ஒன்றாக வந்தால் குலுக்கி எடுத்துவிடும். இன்னொன்று, அங்கே தரும் உயரம் பொதுவாக உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. 1 மீட்டர் என்று போட்டிருந்தால் இடையிடையே 2 மீட்டரை நெருங்கும் அலையும் வரும். காற்றை அளக்க 1805-ல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 4 என்றால் 11 முதல் 16 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). அலைகளின் தலையில் அங்கங்கே வெண்ணுரை தெரியும். உங்கள் குடும்பத்துக்கு அதுவரை கவலையில்லை. 6 என்றால் 22 முதல் 27 நாட். கடல் முழுக்க வெண்ணுரையாக இருக்கும். படகு கிளம்பினாலும் அன்று நீங்கள் கிளம்ப வேண்டாம். வெயில் காலத்தில் கரையோரங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுப்பது வழக்கம் என்பதால், போகும்போதும் காலைப் படகே நல்லது.

எந்தப் படகு? இரட்டை உடல் கொண்ட வேகப்படகும், அதைவிட மெதுவாகப் போகும் பெரிய ஒற்றை உடல் படகும் இருந்தால், பலரும் சீக்கிரம் போய்விடலாம் என்று வேகப்படகில் ஏறுகிறார்கள். அமைதியான கடலில் அது சரிதான். அலை இருந்தால் அதன் ஆட்டம் வெடுக்வெடுக்கென்று இருக்கும். பெரும்பாலும் மூடிய கூடம். வெளியே வந்து காற்று வாங்க இடம் இருக்காது. இந்த அலை உயரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்ற வரம்பும் வேகப்படகுகளுக்கு உண்டு என்பதால் முதலில் ரத்தாவதும் பெரும்பாலும் அவைதான். உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன், அரை மணி நேரம் கூடினாலும் திறந்த தளம் உள்ள பெரிய படகில் போங்கள்.

உட்காரும் இடத்துக்குத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுகள் ஏறி இறங்கினாலும் கோலின் நடுப்பகுதி அவ்வளவாக அசைவதில்லை. படகும் அப்படித்தான். அணியம் என்னும் முன்முனையிலும் அமரம் என்னும் பின்முனையிலும் ஆட்டம் அதிகம். உயரே போகப்போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். நீளவாக்கில் நடுவே, தாழ்ந்த தளத்தில், படகு போகும் திசையைப் பார்த்தபடி, சன்னலோரமாக இடம் பிடியுங்கள். காட்சி நன்றாகத் தெரியும் என்று முன்பக்க மேல்தளத்துக்கு ஓடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. பின்பக்கத்தில் டீசல் புகை சுற்றிக்கொண்டிருக்கும். குமட்டலுக்கு அதுவே போதும்.

கடல் மயக்கம் வயிற்றில் தொடங்குவதில்லை. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணோ எதிரே அசையாத சுவரைப் பார்த்து எதுவும் ஆடவில்லை என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் மனிதர்களை அதிகம் படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். அது முடியாவிட்டால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துப் படுத்துவிடுவது அடுத்த வழி. செல்பேசியைப் பார்ப்பதும் படிப்பதும் கூடவே கூடாது. இதில் உங்கள் மனைவி கூச்சப்பட ஒன்றுமில்லை. 12 வயதில் கடற்படையில் சேர்ந்த புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், 30 ஆண்டுகளுக்கு மேல் கடலில் கழித்த பிறகும், காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் தனக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது என்று எழுதியிருக்கிறார்.

மாத்திரை விஷயத்தில் உங்களோடு வரும் நால்வரும் நான்கு விதம். அதனால் ஒரே அட்டையிலிருந்து ஆளுக்கொன்றாகக் கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். மனைவிக்கு டைமென்ஹைட்ரினேட் போன்ற மருந்து உதவும். ஆனால் குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பயனில்லை. கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும், அதனால் அன்று அவர் வண்டி ஓட்டக்கூடாது. அம்மாவுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை சிலவகைக் கிளாகோமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. கடல் மயக்கத்துக்குக் கொடுக்கும் மற்ற மாத்திரைகளும் கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடும், வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கக்கூடும். மனைவி அந்தப் பட்டையை ஒட்டிக்கொள்வதாக இருந்தால் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். தொட்ட கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அந்தக் கை கண்ணில் பட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். அந்தப் பட்டை குழந்தைகளுக்கு ஆகாது.

மகனைவிட மகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கும். 2 வயதுக்குக் கீழே கடல் மயக்கம் அபூர்வம். அதற்கு மேல் 12 வயது வரைதான் உச்சம், அதிலும் 7 வயதை ஒட்டித்தான் பலருக்கும் அதிகம் படுத்தும். பெரியவர்களுக்குத் தூக்கம் தரும் அதே மருந்து சில குழந்தைகளை அடங்காமல் துள்ளவைத்துவிடும். மருத்துவர் கொடுக்கச் சொன்னால், பயணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். எண்ணெய்ப் பண்டம் இல்லாமல் கொஞ்சம் உலர்ந்த உணவு போதும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, கொடுத்துப் பார்க்கலாம். வாந்தி வந்தால் குழந்தையைக் கம்பித் தடுப்புக்குத் தூக்கிச் செல்லவே செல்லாதீர்கள். உறுதியான பைகள் நான்கைந்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் பை உதவாது.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம், அம்மா ஏறும் அந்த 4 அடி. படகு கட்டியிருந்தாலும் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். கரைக்கும் படகுக்கும் இடையே போட்ட பலகையின் முனை தளத்தின்மீது அங்குமிங்கும் உரசி நகரும். பலகை அசைவதைப் பார்த்துப் பயந்து, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று, படகு மேலே வரும் நேரத்தில் காலை நீட்டிவிடுவார்கள். தளம் வந்து பாதத்தில் மோதும். மூட்டு வலி உள்ளவர்கள் அங்கேயே மடங்கிவிடுவார்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அவசரமே இல்லை அம்மா. இரண்டு முறை ஏறி இறங்குவதைப் பாருங்கள். மேலே வந்து ஒரு கணம் நிற்கும், அப்போது காலை வையுங்கள்." கையில் பையோ கைத்தடியோ இருக்கக்கூடாது, அவற்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். படகுக்காரர் கை நீட்டினால் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டோடு மணிக்கட்டாகப் பிடிக்க வேண்டும், ஈரத்தில் விரல்கள் வழுக்கிவிடும். நீங்கள் அம்மாவுக்குப் பின்னால் நில்லுங்கள், குழந்தைகள் மனைவியோடு முன்பே ஏறியிருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போதே மூட்டு வலி உள்ள பெரியவர் வருகிறார் என்று சொல்லிவிட்டால், பல படகுகளில் முதலில் ஏற்றிவிடுவார்கள்.

ஏறியதும் 2 நிமிடம் ஒதுக்கி, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, குழந்தை அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்குக் கீழ் ஒரு அளவு, 15 முதல் 43 கிலோ வரை ஒரு அளவு, அதற்கு மேல் பெரியவர்கள் அளவு. 3 வயதுப் பையன் 15 கிலோவுக்கு இப்பாலும் இருக்கலாம், அப்பாலும் இருக்கலாம், ஆகவே எடை பார்த்துவிட்டு வாருங்கள். சிறு பிள்ளைகளுக்கான அங்கியில் கால்களுக்கு இடையே வரும் பட்டை இருக்கும். அதை மாட்டாமல் விட்டால் தண்ணீரில் அங்கி மேலே போய்விடும், பிள்ளை கீழே நழுவிவிடும். மாட்டியபின் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது சரியான அளவில்லை. நீச்சல் குளத்தில் கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை இதற்கு ஈடாக நினைக்காதீர்கள். பெரிய படகின் கூடத்துக்குள் அங்கியோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, எடுக்கும் இடம் தெரிந்தால் போதும். தீவின் அருகே சிறிய திறந்த படகுக்கு மாற வேண்டியிருந்தால் மட்டும் மாறுவதற்கு முன்பே எல்லோரும் மாட்டிவிட வேண்டும். 7 குறுகிய ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் கூடுமிடத்துக்கு வரச் சொல்லும் அழைப்பு. இதை மகளிடம் சொல்லிவையுங்கள். அந்த வயதில் மறக்க மாட்டார்கள்.

காரைக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள். நடந்து சுற்றிவிடக்கூடிய தீவுக்கு அது பாரம். படகு ரத்தாகி அடுத்ததில் இடம் தேடும்போது, காரோடு நிற்பவர்களைவிட வெறும் ஆட்களுக்குத்தான் சீக்கிரம் இடம் கிடைக்கும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், படகு கிளம்பியதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், நடுவே இறங்க முடியாது. அம்மாவின் கண் சொட்டு மருந்து, தண்ணீர், மாற்றுத் துணி, வாந்திப் பைகள் எல்லாம் கையோடு மேலே வந்துவிட வேண்டும். மருந்துகளை 3 நாளுக்கு எடுக்காமல் 6 நாளுக்கு எடுங்கள்.

தீவில் இறங்கியதும் அறைக்கு ஓடாமல், துறையிலேயே ஒரு நிமிடம் நின்று, திரும்பும் படகு ரத்தானால் எங்கே, எப்போது அறிவிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவுவரை தரை ஆடுவது போலத் தோன்றலாம். அது நோய் அல்ல, கடலுக்குப் பழகிய மூளை தரைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், பெரும்பாலும் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அன்று மட்டும் அம்மா குளியலறைக்குப் போகும்போது யாராவது ஒருவர் கூடவே போங்கள்.