தர்மபுரியில் இருந்துகொண்டே கிராபிக் டிசைனும் டைப்போகிராபியும் அடிப்படையிலிருந்து கற்க முடியுமா? எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் பி.காம். முடித்திருக்கிறார். பெங்களூரு போய்ப் பணம் கட்டிப் படிக்க வசதியில்லை, வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, போட்டோஷாப்பில் தொடங்கவா கோரல்டிராவில் தொடங்கவா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நான் அப்படித்தான் கற்றேன். பன்னிரண்டாவது முடித்த கோடையில் தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். பதினாறு வருடமாகிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், பிறகு கிருஷ்ணகிரி மாங்கூழ் கம்பெனிகளின் லேபிள் என்று இந்த வேலையிலேயே பிழைக்கிறேன். ஆனால் போட்டோஷாப்பா கோரலா என்பதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. எனக்கு அது புரிந்த நாளைச் சொல்கிறேன்.

கடையில் சேர்ந்த இரண்டாம் வருடம், பாலக்கோட்டிலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். தக்காளி விவசாயி. எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் அதில் இறக்கினேன். ஐந்து ஃபான்ட், நாலு மூலையிலும் பூ, எல்லா வரிக்கும் பொன்னிற நிழல். மணமக்கள் பெயர் இடத்தை நிரப்பவில்லை என்று கோரலில் பக்கவாட்டில் பிடித்து இழுத்தும் விட்டேன். புரூப் எடுத்துக் கொடுத்தேன். அவர் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார், திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு போடலையா கண்ணு?”

போட்டிருந்தேன். பூவுக்கும் மண்டபத்தின் பெயருக்கும் நடுவில், மற்ற வரிகளின் அளவிலேயே, அவற்றின் நிறத்திலேயே இருந்தது. கடை அண்ணன் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பத்திரிகையின் மேல் வைத்து, வரி வரியாகக் கீழே நகர்த்தினார். “இந்தத் தாளைக் கையில வாங்கறவன் முதல்ல எதத் தேடுவான்? ரெண்டாவது எத? அத எனக்கு எழுதிக் குடு. அப்புறம் சிஸ்டத்துல உக்காரு.”

எழுதினேன். யாருக்குக் கல்யாணம், எந்த நாள், எத்தனை மணி, எந்த மண்டபம், யார் அழைக்கிறார்கள். ஐந்தே விஷயம். பிறகு ஒரே ஃபான்ட் வைத்தேன். மணமக்கள் பெயர் 26 பாயின்ட், நாளும் நேரமும் மண்டபமும் 14, மற்றதெல்லாம் 10. நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரே கூட்டமாக நெருக்கி வைத்து, அந்தக் கூட்டத்துக்கு மேலும் கீழும் விரல்கடை இடம் விட்டேன். பூவை எடுத்துவிட்டேன். அடுத்த புரூப்பை அவர் நின்ற இடத்திலிருந்தே வாய்விட்டுப் படித்தார்.

டிசைன் புத்தகங்கள் அளவால் வரும் முதன்மை, நெருக்கம், வரிசை ஒழுங்கு, வெற்றிடம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வது முழுக்க அந்த ஒரு பத்திரிகையில் இருந்தது. அதனால் உங்கள் முதல் மாதத்துக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வாசகத்தை ஏ4 தாளில் கறுப்பு மையில் மட்டும், ஒரே ஃபான்டில், இரண்டே அளவில் அமையுங்கள். படம், பார்டர், நிழல் எதுவும் கூடாது. எழுத்து அளவும் இடைவெளியும் மட்டும்தான் கையில். இருபது முறை செய்யுங்கள். ஒவ்வொன்றையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எல்லாம் சாம்பல் திட்டாகத் தெரிந்தால் இன்னும் வரவில்லை. இரண்டு மூன்று திட்டுகள் தனித்தனியாக நின்றால் சரியான வழியில் போகிறீர்கள்.

அடுத்து எழுத்து, அதாவது டைப்போகிராபி: எழுத்தைத் தேர்ந்து அமைக்கும் வேலை. எனக்கு மிகப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

யூடியூபில் டைப்போகிராபி பாடம் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்தே சொல்கிறார்கள். தலைப்பைக் கேப்பிடல் எழுத்தில் போடு, அழுத்தம் வேண்டுமானால் இட்டாலிக் போடு என்பார்கள். தமிழில் கேப்பிடல் கிடையாது. சாய்ந்த எழுத்து நம் வழக்கத்திலும் இல்லை, சாய்த்தால் விழப்போவது போலத்தான் நிற்கிறது. நம்மிடம் இருப்பது அளவு, தடிமன், நிறம், இடம் ஆகிய நான்கும்தான். அந்த நான்கையும் நன்றாகப் பழகினால் போதும்.

வரி இடைவெளியும் அப்படியே. சாஃப்ட்வேர் தானாக வைப்பது பெரும்பாலும் எழுத்து அளவில் 120 சதவீதம். 10 பாயின்ட் எழுத்துக்கு 12. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘மூ’வின் வால் கீழே இறங்கும். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் உரசிக்கொள்ளும். 10 பாயின்டுக்கு 14 அல்லது 15 வைத்துப் பாருங்கள், பத்தி மூச்சு விடும். இன்னொன்று, நம் சொற்கள் நீளமானவை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற ஒரு சொல்லே ஒரு பத்தியின் அகலத்தைச் சாப்பிட்டுவிடும். குறுகிய பத்தியில் இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடது ஓரம் மட்டும் நேராக வைத்து, வலது ஓரத்தை அதன்போக்கில் விட்டுவிடுங்கள்.

எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் பேனர்களில் பாதி இந்த நோயில்தான் கிடக்கிறது. ‘க’வை அகலமாக இழுத்தால் நெட்டுக்கோடு தடித்துவிடும், படுக்கைக்கோடு மெலிந்தபடியே இருக்கும். எழுத்தை வரைந்தவர் பார்த்துப் பார்த்து வைத்த சமநிலை ஒரே இழுப்பில் போய்விடும். இடம் மிச்சமிருந்தால் அளவைக் கூட்டுங்கள், அல்லது அந்த இடத்தை அப்படியே விடுங்கள்.

எழுத்தின் உருவம் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாகத் திருந்தும். தர்மபுரியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்கு (அருங்காட்சியகம்) ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். நம் மாவட்டத்து நடுகற்கள் அங்கே உண்டு. சண்டையில் செத்த வீரனின் உருவம், பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. உளியால் கல்லில் வெட்டிய எழுத்து அது. ஓலையில் எழுதும்போது எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். ஈய எழுத்து வந்தபோது இன்னொரு மாற்றம். 1713-இல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்தது, காகிதம் கட்டவில்லை. பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். கருவி மாற மாற எழுத்து மாறியிருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை போல முன்னால் சுருண்டு நிற்கும். பழைய கடைப் பலகைகளிலும் கோயில் கல்வெட்டுகளிலும் இன்னும் பார்க்கலாம். பார்த்தால் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பட்டர் பேப்பர் வாங்கி, செய்தித்தாள் தலைப்பின் மேல் வைத்து பென்சிலால் எழுத்தை நகல் எடுங்கள். ழ, று, ஞ, கு இந்த நான்கும் போதும். கோட்டை வரையும்போது அதற்குள் அடைபட்ட வெள்ளையையும் கவனியுங்கள். ‘ழ’வுக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துப்போனால் சின்ன அளவில் அது கறுப்புப் பொட்டுதான். மலிவான தாளில், 8 பாயின்டில், தடித்த ஃபான்ட் போடக்கூடாது என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது.

ஃபான்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் எழுத்துகள் இலவசம். முக்த மலர் ஏழு தடிமனில் கிடைக்கிறது, அது ஒன்றை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம். நீளமான வாசகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், குழந்தைகள் விழா மாதிரி உருண்டையாக வேண்டுமென்றால் பாலு தம்பி. இவை எல்லாம் யூனிகோட், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே திறக்கும் பொது முறை. கடைகளில் இன்னும் பழைய முறை ஃபான்ட்கள் ஓடுகின்றன. அவற்றில் டைப் செய்த ஃபைலை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் குவியலாகிவிடும். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கர்வ் பண்ணாமல், அதாவது எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றாமல், வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே வேறு ஃபான்ட் ஏறி, இறந்தவர் பெயரே சிதைந்து அச்சாகி வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் முகத்தை இன்னும் மறக்கவில்லை. கடைசி ஃபைலில் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி, திருத்துவதற்கு மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் கொம்பும் காலும் பிரிந்து வந்தால் ஃபான்டின் மேல் குற்றமில்லை. டைப் அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

நிறத்துக்கு இரண்டே குறிப்பு. வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேண்டாம். மாங்கூழ் லேபிளுக்கு எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், தூரத்தில் எதுவும் தெரியாது. மஞ்சளைப் பின்னணியாக்கி எழுத்தைக் கறுப்பாக வையுங்கள். இரண்டாவது, திரையில் பளீரென்று தெரியும் கிளிப்பச்சை நாலு வண்ண அச்சில் மங்கிவிடும். அதனால் சாஃப்ட்வேரில் வசதி இருந்தால் தொடக்கத்திலேயே சி.எம்.ஒய்.கே.-யில், அதாவது அந்த நாலு அச்சு மைகளின் கணக்கில், வேலை செய்யுங்கள். காகிதத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல். பெரிய ஃபிளக்ஸுக்கு அவ்வளவு தேவையில்லை, தூரத்திலிருந்துதானே பார்க்கிறோம், 100 போதும்.

எங்கே படிப்பது? மூன்று மாத சர்டிபிகேட் கோர்ஸ்களில் பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கற்றுத்தருகிறார்கள். ஆறு மாதம் ஒரு டி.டி.பி. கடையில் உட்காருங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் செய்ததை ஒருவர் உங்கள் கண்முன்னே படிக்கத் திணறுவதை வேறெங்கும் பார்க்க முடியாது. முறையான பட்டம் வேண்டுமென்றால் 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்புப் பிரிவு இருக்கிறது.

இப்போது சாஃப்ட்வேர். உங்கள் பழைய லேப்டாப்பில் இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டையும் ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். எழுத்தும் லேபிளும் இங்க்ஸ்கேப்பில், படத்தைத் திருத்துவது கிம்பில். நம் பக்கத்துக் கடைகளில் வேலைக்குப் போவதாக இருந்தால் கோரல்டிரா கட்டாயம் கேட்பார்கள், ஆனால் இங்க்ஸ்கேப்பில் கை பழகியவருக்கு அது இரண்டு வாரம். அதுவரை அந்தத் திருவிழா நோட்டீஸ்தான். இருபதையும் தேதி போட்டு வையுங்கள், முதலாவதையும் இருபதாவதையும் வீட்டில் கண்ணாடி போடும் பெரியவர் யாரிடமாவது கொடுத்து, சாமி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.