ஐரோப்பிய டெண்டரும் நம் மலைத் தேயிலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியில் ஒரு மாநகராட்சி, தன் அலுவலகங்களுக்கு ரசாயனம் இல்லாத தேயிலை வாங்க டெண்டர் விட்டிருக்கிறது. எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமே நேரடியாகக் கலந்துகொள்ளலாமா? (சிறு தேயிலை விவசாயிகள், கோத்தகிரி)

பதில்: விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கையில் இந்தியா வெறும் பார்வையாளர்தான். உடன்படிக்கை இல்லாத நாட்டு நிறுவனங்கள் சம நடத்தை கோர முடியாது என்று, துருக்கியின் கோலின் நிறுவன வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 22 அன்று தீர்ப்பளித்தது. உங்களைச் சேர்ப்பதா, ஒதுக்குவதா என்பது டெண்டர் விடும் அலுவலகத்தின் கையில்.

அதனால் அங்குள்ள இறக்குமதியாளர் டெண்டர் போடட்டும், சரக்கை நீங்கள் கொடுங்கள். அந்தத் தீர்ப்பு பார்ப்பது டெண்டர் போடுபவர் எந்த நாட்டவர் என்பதை. இலை எந்த மலையில் விளைந்தது என்பதை அல்ல. ‘டெட்’ என்ற ஐரோப்பிய டெண்டர் தளத்தில் 15863000 என்ற குறியீட்டைப் போட்டால் தேயிலைக் கொள்முதல்கள் வரும்.

டெண்டரில் குறிப்பிட்ட ஒரு தரச்சான்று முத்திரையைக் கேட்டிருந்தால் பயப்பட வேண்டாம். நெதர்லாந்தில் ஒரு மாகாணம் காபி, தேநீர் இயந்திரங்களுக்கான டெண்டரில் இரண்டு முத்திரைகளைப் பெயர் சொல்லிக் கேட்டது. அது தவறு என்று 2012-இல் தீர்ப்பானது. 2014-இல் வந்த புதிய ஐரோப்பியச் சட்டப்படி முத்திரை கேட்கலாம், ஆனால் அதற்கு இணையானதையும் ஏற்க வேண்டும்.

முத்திரையைவிடக் கவலைப்பட வேண்டியது புகையைப் பற்றி. தேயிலையில், புகையிலிருந்து படியும் ஆந்த்ரகுவினோன் என்ற ரசாயனம் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் விற்க முடியாது. விறகு எரிக்கும் ஹீட்டரில் குழாய் ஓட்டையாகிவிட்டால் புகை சூடான காற்றோடு டிரையருக்குள் போய் இலையில் படியும். டிரையருக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பின்னதில் மட்டும் ஏறியிருந்தால் முதலில் ஹீட்டரைப் பிரித்துப் பாருங்கள். அட்டைப்பெட்டியிலிருந்தும் இது இறங்கும் என்பதால் பேக்கிங் தாளையும் சோதிப்பது நல்லது.

கேள்வி: ஐரோப்பிய ஆணையம் தன் கொள்முதல் சட்டங்களை ஏன் மறு ஆய்வு செய்கிறது? (கல்லூரி மாணவி, குன்னூர்)

பதில்: போட்டி வற்றிவிட்டது. 2011-இல் ஒரு டெண்டருக்குச் சராசரியாக 5.7 பேர் போட்டியிட்டார்கள், 2021-இல் 3.2 பேர். ஒரே ஒருவர் மட்டும் போட்ட டெண்டர்கள் 23.5 விழுக்காட்டிலிருந்து 41.8 ஆகின. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023-இல் சொன்ன கணக்கு இது.

கேள்வி: தடுப்புச்சுவர் வேலைகளில் கட்டுபடியாகாத விலை போடுகிறவருக்கே டெண்டர் போகிறது. ஐரோப்பாவில் இதற்கு வழி உண்டா? (ஒப்பந்ததாரர், கொடைக்கானல்)

பதில்: உண்டு. விலை சந்தேகப்படும்படி குறைந்தால் விளக்கம் கேட்டாக வேண்டும். கூலிச் சட்டத்தையோ சுற்றுச்சூழல் சட்டத்தையோ மீறித்தான் அந்த விலை வந்தது என்று தெரிந்தால் தள்ளியே தீர வேண்டும். முடிவை மின்னஞ்சலில் அனுப்பியபின் 10 நாள் ஒப்பந்தம் போடவும் கூடாது. தோற்றவர் முறையிட அந்த அவகாசம்.

இங்கேயும் 10 நாள்தான். தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, பிரிவு 11-இன்படி, உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். உத்தரவு வந்த தேதிக்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் நம் சட்டம், நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களில் குறைந்த விலையையே ஏற்கச் சொல்கிறது. ஆகவே ‘விலை குறைவு’ என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. முன் அனுபவம், இயந்திரங்கள் போன்றவற்றில் அவர் எந்த நிபந்தனையில் தவறினார் என்பதை முதலில் வையுங்கள். அதற்குப் பின் ஒரு கன மீட்டருக்கான கணக்கு: வத்தலக்குண்டிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் மலையேற்றும் லாரி வாடகை, சிமென்ட், குறைந்தபட்சக் கூலி. அவர் விலை இந்த அடக்க விலைக்கும் கீழே போகிறதென்றால், எந்தச் செலவில் எவ்வளவு இடிக்கிறது என்று எண்ணிலேயே காட்டுங்கள்.