துளையைக் கழுவினீர்களா?

காட்பாடி மாணவர்: எண்ணெய்க் கிணறு போடும்போது பிட் (பாறையை அரைக்கும் முனை) மேல் எடையைக் கூட்டினால் துளையிடும் வேகம் கூடும்தானே?

கூடும், ஓர் அளவு வரை. தாண்டினால் பிட் மாட்டி மாட்டிச் சுழலும். மேலே மீட்டர் நிமிடத்துக்கு 120 சுற்று என்று அமைதியாகக் காட்டும். கீழே பிட் நிற்கும், பிறகு திமிறிக்கொண்டு 250இல் ஓடும். டார்க் (முறுக்கு விசை) முள் ஆடினால் எடையைக் குறை, சுற்றைக் கூட்டு, தம்பி. துளையில் கல்தூள் தேங்காமல் கழுவப்பட்டிருக்கிறதா என்றும் பார்.

ஆரணி வாசகர்: இங்கே 800 அடி போர் ஒரே நாளில் முடிகிறது. கடலில் ஏன் மாதக்கணக்கு?

நம்மூர்ப் பாறை தானே நிற்கும், தூளைக் கம்ப்ரெஸர் காற்றே ஊதித் தள்ளிவிடும். கடலடியில் மட்டின் (துளைக்குள் சுற்றவிடும் சேற்றுத் திரவத்தின்) கனம் குறைந்தால் வாயு உள்ளே புகும்; கூடினால் பாறை பிளந்து மட் ஓடிவிடும். ஆழ்கடலில் பாறை இருக்க வேண்டிய உயரத்தில் கனம் குறைந்த தண்ணீர் நிற்பதால் பாறை சீக்கிரமே பிளக்கும்; இரண்டுக்கும் நடுவே இடமே கொஞ்சம். அதனால்தான் துளைச் சுவரைக் காக்க கேசிங் (இரும்புக் குழாய்) மேல் கேசிங்.

குடியாத்தம் பொறியாளர்: 12¼ அங்குலத் துளையில் மணிக்கு 40 மீட்டர் போகிறோம். பைப்பை மேலே ஏற்றும்போது மாட்டி இழுக்கிறது. மட்டில் எந்த மருந்து கலக்கலாம்?

சாய்வு எவ்வளவு, பம்ப் எவ்வளவு, எதுவும் எழுதவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிவிட்டு எங்கே வலி என்று சொல்லாமல் உட்கார்ந்திருப்பது போல.

உங்கள் வேகத்துக்கு மணிக்கு சுமார் 7 டன் கல்தூள். மேலே வந்ததா? 45 முதல் 60 டிகிரி சாய்வில் தூள் அடிப்பக்கம் படுக்கை போட்டுவிடும். பம்பை நிறுத்தினால் மொத்தமாகச் சரியும். மருந்து எதற்கு? பம்பைக் கூட்டுங்கள், பைப்பை வேகமாகச் சுழற்றுங்கள், ஏற்றுமுன், மட்டோடு வரும் தூளை மேலே வடிக்கும் சல்லடை காலியாகும்வரை கழுவுங்கள்.

நான் டிரில்லராக இருந்தபோது ஒரு கிணற்றில் இரண்டு நாள் பறந்தோம், எல்லாருக்கும் பாராட்டு. "கைப்பிடித் தூள்தான் சார் வருது" என்று சல்லடைக்காரர் காலையிலேயே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் பைப் அசையவில்லை. பத்து நாள் இழுத்தும் அடித்தும் பார்த்துவிட்டு, கருவிகளை அடியிலேயே விட்டு, பக்கத்தில் புதுத் துளை போட்டோம். அந்த இரண்டு நாள் வேகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆம்பூர் வாசகர்: 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு வெடிப்புக்கு பி.ஓ.பி. (கிணற்று வாயை அடைக்கும் வால்வு) தான் காரணமா?

அது கடைசிக் கதவு. அதற்கு முன்பே கிணற்றடியை அடைக்கும் சிமெண்ட் பிடிக்கவில்லை, அழுத்தச் சோதனையையும் தப்பாகப் படித்தார்கள். 11 உயிர்.

வாலாஜா அம்மா: மகனைக் கடல் ரிக் (துளையிடும் மேடை) வேலைக்கு அனுப்பலாமா?

தாராளமாக. முதல் சில நாள் வாந்தி வரலாம், அப்புறம் பெரும்பாலும் பழகிவிடும்.