சுவர் காயட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கும்பகோணத்தில் தாத்தா 1938இல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். தெருப்பக்கத்து அறையில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். முன்பு சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தும் பொரிந்து கொட்டுகிறது. கொத்தனார் எல்லாவற்றையும் கொத்தி எடுக்கணும் என்று நாற்பதாயிரம் கேட்கிறார், பகல் கொள்ளை. வீடியோ பார்த்து நானே இறங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பொங்கல் லீவில் உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கப்போகிறேன். பட்டி இரண்டு கோட்டா, மூன்று கோட்டா? ஸ்விட்ச் போர்டையும் நானே மாற்றலாமா? வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

செ.

அன்புள்ள செ.,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தன் வீட்டுச் சுவரில் தானே கை வைக்க ஆசைப்படுகிற ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஸ்விட்ச் போர்டைத் தொடக்கூடாது. ஈரச் சுவரும் கரண்டும் சேர்ந்த இடத்தில் வீடியோ தைரியம் உதவாது. நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். இதில் பேச்சே கிடையாது.

பட்டி ஒரு கோட்கூட வேண்டாம். கொத்தனாரைக் கொள்ளைக்காரர் என்கிறீர்களே, அவர் சொன்னதில் பாதி சரி. கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் தெருவில் மழைக்கு முன்னால் மறுபடி ரோடு போட்டார்கள். அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. பழைய வீடுகளில் மூன்று நாலு படி ஏறித்தான் திண்ணைக்குப் போவோம். இன்று எத்தனையோ வீடுகளில் தெருவிலிருந்து கீழே இறங்கிப் போகிறோம். வீடு புதையவில்லை, பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டித் தெரு உயர்ந்துவிட்டது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். அதற்கு முன்பு ஏறிய உயரம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் ஓதம் தெருப்பக்கத்துச் சுவரில்தானே? வெளியே போய் ரோடு எந்த மட்டத்தில் இருக்கிறது, உள்ளே தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ரோடு உயரமாக இருந்தால், தெரு மண் குடிக்கிற மழைத்தண்ணீர் அந்தச் சுவருக்குள்தான் போகும், செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றும்.

1938இல் உங்கள் தாத்தா பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில்தான் கட்டியிருப்பார். அந்தச் சுவரும் தண்ணீர் குடித்தது, ஆனால் வெயில் வந்தால் பூச்சு வழியாகவே காய்ந்தது. அதன் மேல் சிமெண்டைப் பூசி, அதன் மேல் பெயிண்டையும் அடித்தால் தண்ணீர் எங்கே போகும்? ஈரத்துணியைப் பாலிதீன் பையில் கட்டி வைத்த கதைதான். தண்ணீரோடு மண்ணின் உப்பும் ஏறுகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு படிகமாகிறது. படிகம் பெயிண்டுக்குப் பின்னால் வளர்ந்து அதைத் தள்ளுகிறது. பொரிந்த இடத்தை விரலால் சுரண்டினால் வெள்ளையாக, பஞ்சு போல வருகிறதே, அதுதான். இன்னும் கெட்டியான பெயிண்டை அடித்தால், இடுப்பு உயரத்தில் நிற்கிற ஓதம் கழுத்து உயரத்துக்குப் போகும். வாட்டர்ப்ரூஃப் என்று டப்பாவில் எழுதியிருந்தால் தண்ணீர் பயந்துபோய் ஊருக்குத் திரும்பிவிடுமா? அடைப்பதல்ல வேலை, வெளியே விடுவதுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் ஜனங்கள் டப்பாவைத்தான் வாங்குகிறார்கள்.

எங்கள் அத்தை பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு தாளிப்பாள். மண்தொட்டியில் சுட்ட கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அடுப்பே இல்லாமல் கொதிக்கும், ஆவி கிளம்பும், பிள்ளைகள் யாரும் கிட்டே வரக்கூடாது. சில நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, துளி நீலம் போடுவாள். தேங்காய் மட்டையின் ஓரத்தைத் தட்டி நாராக்கினால் அதுதான் பிரஷ். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் ஈரம்தான். “அடிச்ச இடமே தெரியலையே அத்தை” என்று கேட்டால் “காயட்டும்டா” என்பாள். காயக் காய வெள்ளை மேலே எழும்பி வரும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது என்பதெல்லாம் நான் கல்லூரியில் படித்தது. அத்தைக்கு அது தெரியாது, ஆனால் அவசரப்படக்கூடாது என்று தெரிந்திருந்தது.

உங்களுக்குத்தான் எவ்வளவு அவசரம்! ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் குடித்த சுவர் தை மாதத்தில்தான் நன்றாக ஊறிக் கிடக்கும். லீவு கிடைத்தது என்பதற்காக அப்போதா பூசுவது? இந்த லீவில் சிமெண்ட் பூச்சை மட்டும் கொத்தி எடுங்கள், ஓதக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை. போர்டு இருக்கும் இடத்தை எலக்ட்ரீஷியன் வந்து போகிற வரை விட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சின்ன உளியும் சுத்தியலுமாக உட்காருங்கள். பழைய செங்கலைப் பெயர்த்துவிடாமல் கொத்துவதற்குப் பலம் வேண்டாம், பொறுமை போதும், நிச்சயம் உங்களால் முடியும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி வாரி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். தெருப்பக்கம் மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாட்டம் செய்யுங்கள். சித்திரை வெயில் முடியும்வரை செங்கல் அப்படியே வெறுமையாக நிற்கட்டும், விருந்தாளி வந்து முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் என்று மெல்லிய பூச்சுகளாகப் பூசலாம். அதற்கு அந்தக் கொத்தனாரையே கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் வேலை செய்த வயசான ஆட்கள் கும்பகோணம் பக்கம் இருப்பார்கள், அவரைக் கேட்டால் தெரியும்.

கொத்துவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உள்பக்கச் சுவரில் ஓதமுள்ள இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். நீர் முத்துகள் தாளின் சுவர்ப்பக்கம் நிற்கிறதா, அறைப்பக்கம் நிற்கிறதா? சுவர்ப்பக்கம் என்றால் நான் சொன்னதுதான். அறைப்பக்கம் என்றால் அறைக்குக் காற்றோட்டம் இல்லை, அது வேறு வைத்தியம். எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள்.