பழைய அல்மாரிக்கும் வரியா?

கல்லடி வாசகர்: மகளோடு போய் இருக்கப்போகிறோம். அல்மாரி, பிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போட்டு விற்றால் இரண்டு இலட்சத்துக்கு மேல் வரும். வருமான வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். வீட்டில் பாவித்த சாமானை விற்ற காசு வருமானம் அல்ல. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி மூலதன ஆதாய வரி காணி, கட்டடம், பங்கு போன்றவற்றுக்குத்தான். வாங்கிய விலையில் பாதிக்கு பிரிட்ஜைக் கொடுப்பவருக்கு ஆதாயம்தான் ஏது? பயப்படாமல் விற்றுவிட்டுப் போங்கள்.

காத்தான்குடி: பழைய லேப்டொப் விற்பவர் விலைக்கு மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) கேட்கிறார்.

வற் பதிவு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

களுவாஞ்சிகுடி: தையல் மெஷின் விற்க விளம்பரம் போட்டேன். வாங்குவதாகச் சொன்னவர், காசு கூரியர் நிறுவனத்தில் இருக்கிறது, வரியாக 9,500 ரூபாய் போட்டால் விடுவிப்பார்கள் என்றார். போட்டேன். இப்போது இன்னும் 18,000 கேட்கிறார்.

தங்கச்சி, இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. வரி என்ற சொல்லைக் கேட்டால் நம் சனம் நடுங்கும் என்று தெரிந்துதான் இவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாவித்த பொருளை விற்பவரிடம் கூரியர்காரர் வரி அறவிடுவதில்லை. இனி ஒரு ரூபாயும் போடாதீர்கள். இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸில் முறைப்பாடு. வட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை (ஓடிபி) கொடுத்திருந்தால் அதையும் வங்கியிடம் மறைக்காதீர்கள்.

மருதமுனை: கொழும்பில் பழைய போன்களை மொத்தமாக எடுத்து இங்கே ஒன்லைனில் விற்கிறேன். பழசுதானே, வரி இல்லைதானே?

பழசு என்றால் வரி இல்லை என்று யார் சொன்னது? விற்பதற்கென்றே வாங்கினால் அது வியாபாரம். இலாபத்தையும் உங்கள் மற்ற வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு. அதற்கு மேல் போனால் வரி. கணக்கே எழுதாமல் இவ்வளவு நாள் நடத்தினீர்களா?

அக்கரைப்பற்று: தெரியாத ஒருவரிடம் பாவித்த போன் வாங்கினேன். அது களவுபோன போன் என்று பொலிஸ் கூப்பிடுகிறது. பற்றுச்சீட்டு இல்லை.

இதைத்தான் எத்தனை தடவை எழுதுவது! பாவித்த சாமானுக்கு எதற்குத் துண்டு என்கிறோம். ஒரு கொப்பித் தாள் போதும்: திகதி, பொருள், விலை, இரண்டு பேரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், கையெழுத்து. போன் என்றால் *#06# அழுத்தி வரும், அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ இலக்கத்தையும் எழுத வேண்டும். நான் வாங்கிய தண்ணீர் மோட்டர் இரண்டாம் கிழமையே கருகியது. திறந்தால், உள்ளே கம்பிச் சுருள் ஏற்கெனவே ஒருதரம் திருத்திக் கட்டியது. “ஒரு வருசம்தான் ஓடினது” என்று சொல்லி விற்றவர், அப்படிச் சொல்லவே இல்லை என்று விட்டார். துண்டு இருந்திருந்தால் மத்தியஸ்த சபைக்காவது போயிருக்கலாம். விற்பவருக்கும் அது வேண்டும்: கணக்கில் இரண்டு இலட்சம் ஏன் வந்தது என்று பிறகு யாரும் கேட்டால் காட்டலாம். நீங்கள் போனோடு பொலிஸுக்குப் போய், காசு அனுப்பிய விபரத்தையும் விளம்பரத்தின் படத்தையும் கொடுங்கள். ஒளிக்க வேண்டாம்.

வாழைச்சேனை: வீட்டுச் சாமானோடு ஒரு வெறும் வளவையும் விளம்பரத்தில் போட்டிருக்கிறேன். அதற்கும் வரி இல்லையே?

காணி வேறு. தனியாளுக்கு 2025 ஏப்ரல் முதல் ஆதாயத்தில் 15 வீதம். விற்று 30 நாட்களுக்குள் வரி விபரத்திரட்டு (ரிட்டர்ன்) கொடுக்க வேண்டும். 2017 செப்டெம்பர் 30இல் உங்கள் கையில் இருந்த காணி என்றால் அன்றைய சந்தைப் பெறுமதியை வாங்கிய விலையாக எடுக்கலாம். காணி உறுதி எழுத முன்னரே மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வையுங்கள்.