ஒற்றை ஸ்கீ: வாங்க முன்னும் ஏமாந்த பின்னும்

கோடை தொடங்கியதும் சிம்கோ ஏரி, கவார்த்தா, முஸ்கோகா என்று கோட்டேஜ் எடுத்துப் போகும் நம்மவர்கள், படகின் பின்னால் காற்றடித்த டியூபில் இழுபட்டது போதும் என்று இப்போது நீர்ச்சறுக்குக்கு வந்திருக்கிறார்கள். நல்ல விஷயம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒற்றை ஸ்கீ, அதாவது இரண்டு காலையும் ஒரே சறுக்குப் பலகையில் வைத்து ஓடுவது பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒற்றை ஸ்கீ பழகுவதற்கு முதலில் என்ன வாங்க வேண்டும்? (ஏஜக்ஸ்)

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் இரண்டு ஸ்கீயில் விழாமல் ஒரு சுற்று வாருங்கள்.

கேள்வி: சீசன் முடிவில் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். 65 அங்குலப் போட்டி ஸ்கீ, கார்பன் ஃபைபர். என் எடை 84 கிலோ. "இதில் பழகினால் பிறகு மாற்ற வேண்டி வராது" என்றார் விற்றவர். மூன்று வார இறுதி முயற்சி செய்தும் தண்ணீரிலிருந்து எழும்பவே முடியவில்லை. கை கழன்று விழுவது போல வலி. திருப்பிக் கொடுக்கலாமா? (மார்க்கம்)

பதில்: அண்ணா, கோளாறு உங்கள் கையில் இல்லை, ஸ்கீயில்தான். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதே வார்த்தையைச் சொல்லித்தான் எனக்கும் ஒன்றை விற்றார்கள். அது மெல்லிய, அழகான, கறுப்புப் பளபளப்பு ஸ்கீ. ஒரு கோடை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன், எனக்கு உடம்பில் தெம்பில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் நண்பரின் படகில் கிடந்த பழைய அகல ஸ்கீயை மாட்டிக்கொண்டு இரண்டாவது முயற்சியிலேயே எழும்பி நின்றேன். அன்றைக்குத்தான் விளங்கியது.

ஸ்கீ தண்ணீருக்கு மேலே வர வேண்டுமென்றால் உங்கள் எடையைத் தண்ணீர் தாங்க வேண்டும். அகலமான பலகையை மெதுவாக இழுத்தாலும் தண்ணீர் தாங்கிவிடும். ஒடுங்கிய பலகைக்கு அதிக வேகம் வேண்டும், அந்த வேகம் வரும்வரை முழு இழுவையையும் உங்கள் விரலும் தோளும்தான் தாங்குகின்றன. ஆண்கள் ஸ்லாலம் போட்டியில் படகு மணிக்கு 58 கிலோமீற்றர் வரை ஓடும், கயிற்றை 18.25 மீற்றரில் தொடங்கிப் பத்து மீற்றருக்கும் கீழே குறுக்கிக்கொண்டே போவார்கள், ஸ்கீகாரர் பக்கத்துக்கு மூன்றாக ஆறு மிதவைகளைச் சுற்ற வேண்டும். அந்தத் திருப்பத்துக்காகச் செய்த பலகை அது. நீங்கள் பழகப்போவது 40, 45 வேகத்தில் நேராகப் போய்வர.

1922இல் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் முதன்முதலாக நீர்ச்சறுக்கிய ரால்ஃப் சாமுவேல்சன் தொடக்கத்தில் பீப்பாய்ப் பலகையில் முயன்றார், பிறகு பனிச்சறுக்குக் கட்டையில் முயன்றார், இரண்டும் தாங்கவில்லை. கடைசியில் எட்டு அடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் பைன் பலகை எடுத்து நுனியை வளைத்து அதில்தான் நின்றார். அகலம்தான் ஆளைத் தூக்கும் என்பது இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே தெரிந்த சங்கதி. தெரிந்துகொண்டே ஒடுங்கியதை எடுத்துப் பழக வந்தவரின் கையில் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைக்குச் சட்டை வாங்கும்போது வளர்ந்து போடட்டும் என்று பெரிதாக வாங்குகிறோம், பரவாயில்லை, சட்டை யாரையும் தண்ணீருக்குள் அமுக்காது. ஸ்கீயை அப்படி வாங்கக் கூடாது. இன்றைக்கு உங்கள் எடை என்ன, படகு என்ன வேகத்தில் இழுக்கும், இந்த இரண்டையும் கேட்காமல் ஸ்கீயை எடுத்து நீட்டுகிற ஆளிடம் வாங்காதீர்கள். உங்கள் எடைக்கு 68, 69 அங்குலம், அதுவும் அகல ரகம் பாருங்கள்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி: ஒன்ராறியோவில் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, அது கடையின் கொள்கை. ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆனால் பழகுகிறவருக்கு ஏற்றது என்று எழுத்தில் எங்காவது சொல்லியிருந்தால், விளம்பரமோ மின்னஞ்சலோ, அதை எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் பேசுங்கள். தவறான தகவல் சொல்லி விற்றது என்பது வேறு கணக்கு.

கேள்வி: டியூப் இழுக்கிற கயிறு இருக்கிறது. அதுவே போதாதா? (பிக்கரிங்)

பதில்: போதாது. அது தடிப்பு, பிடிக்கக் கைப்பிடியும் இராது. ஸ்கீ கயிறு மிதக்கிற பொலிப்ரொப்பிலீன், கைப்பிடியோடு சேர்த்து 75 அடி, அதாவது ஏறக்குறைய 23 மீற்றர். அதைவிட முக்கியம், ஸ்கீ கயிற்றில் டியூபைக் கட்டாதீர்கள். மூன்று பேர் ஏறிய டியூப் தண்ணீரில் குத்தினால் வருகிற இழுவைக்கு அந்தக் கயிறு செய்யப்படவில்லை. அறுந்தால் படகில் இருப்பவரின் முகத்துக்குத்தான் திரும்பி வரும்.

கேள்வி: இணையத்தில் பழைய ஸ்கீ ஒன்று 300 டொலர் என்று இருந்தது. வேறு ஆட்களும் கேட்கிறார்கள், முற்பணம் அனுப்பினால் எடுத்து வைப்பேன் என்றார். முழுத் தொகையையும் இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பினேன். இப்போது அந்தக் கணக்கே இல்லை. வீட்டில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. (பிரம்டன்)

பதில்: தம்பி, வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. உழைத்த காசு, அதை எடுத்தவன்தான் வெட்கப்பட வேண்டும். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தனியாக வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் பாரமாகும்.

உடனே வங்கிக்கு அழையுங்கள். மற்றப் பக்கம் எடுக்காமல் இருந்தால் நிறுத்த முடியும், கணக்கில் ஏறிவிட்டால் கஷ்டம், அதை மறைக்காமல் சொல்கிறேன். பொலிஸில் முறையிட்டு இலக்கம் வாங்குங்கள், கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும் பதியுங்கள். குறுஞ்செய்திகள், விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்த முறை நேரில் போய்ப் பாருங்கள். ஸ்கீயை வெயிலில் சாய்த்துப் பிடித்து ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள், மேல் தகடும் அடித் தகடும் பிரிந்திருந்தால் நகம் தட்டுப்படும். அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள், எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வேண்டாம். ஸ்கீயில் பூட்டியிருக்கும் காலணியின் ரப்பரை மடித்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் மடிப்பில் மயிரிழை மாதிரி வெடித்திருக்கும், வெள்ளையாகத் தெரியும், கால் நுழைக்கும்போது கிழியும். ரப்பரை மாற்றலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள், சும்மா சுற்றினால் உள்ளே புரி போய்விட்டது. பின்னால் இருக்கும் செட்டையை மட்டும் அசைக்காதீர்கள், அதன் இடம் மயிரிழை மாறினாலும் ஸ்கீ வேறு மாதிரித் திரும்பும்.

கேள்வி: ஐந்து வகுப்புக்கு 600 டொலர், காசாகக் கொடுத்தேன். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. இரண்டு வகுப்போடு மழை என்று நிறுத்திவிட்டார். காசும் தர மாட்டாராம். (மிசிசாகா)

பதில்: இந்தக் கோடையில் இது மாதிரி வரும் மூன்றாவது கடிதம். 600 டொலரைக் கையில் எண்ணிக் கொடுக்கும்போது ஒரு துண்டுக் கடதாசி கேட்கத் தோன்றவில்லையா? மரக்கறிக் கடையில் ஐந்து டொலருக்கு ரசீதைச் சரிபார்க்கிறோம்.

சரி, வழி இருக்கிறது. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உடற்பயிற்சி, விளையாட்டு மாதிரியான சேவைகளுக்கு 50 டொலருக்கு மேல் முற்பணம் வாங்கினால் எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும், அது கையில் கிடைத்த பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தமே தராவிட்டால் ஒரு வருடம்வரை ரத்துச் செய்யலாம். திகதி போட்டு ரத்துக் கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் மாகாண நுகர்வோர் பிரிவில் முறையிடுங்கள். காசு கொடுத்ததற்கு என்ன சாட்சி என்று கேட்பார்கள். குறுஞ்செய்தி ஏதாவது இருக்கிறதா, தேடுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் மட்டும்தான். இரண்டு இருக்கை ஜெட் ஸ்கீ வாங்கி மாறி மாறி இழுக்கலாமா? (விட்பி)

பதில்: முடியாது. ஓட்டுபவர், இழுபடுபவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர், இழுபடுபவர், மூவருக்கும் இருக்கை வேண்டும். கனடா முழுக்க அதுதான் சட்டம், பின்னால் பார்க்கும் கண்ணாடி பூட்டினாலும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பதிலாகாது. வாங்க முதல் எழுதினீர்களே, சந்தோஷம்.

கேள்வி: அக்கா, வெட்சூட் வாங்கத்தான் வேண்டுமா? நீச்சல் உடுப்போடு போனால் என்ன? (ஸ்காபரோ)

பதில்: தங்கச்சி, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வேகத்தில் பின்பக்கமாக விழுந்தால் தண்ணீர் உடம்பின் கீழ் வாசல்களுக்குள் பலமாக ஏறும். உள்ளே கிழிந்து அறுவைச் சிகிச்சைவரை போனவர்கள் உண்டு. ஸ்கீயோடு வருகிற எச்சரிக்கைத் தாளிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உடம்பு முழுக்க ஒட்டும் வெட்சூட் வேண்டாம், அதே நியோப்ரீன் ரப்பரில் தடித்த காற்சட்டை ஒன்று போதும். முதலில் அதை வாங்குங்கள், கையுறை பிறகு. லைஃப் ஜாக்கெட்டில் கனடா அங்கீகார லேபிள் இருக்கிறதா என்று உள்பக்கம் பாருங்கள், போட்டிக்காரர்கள் போடுகிற மெல்லிய வெஸ்ட் பலவற்றில் அது இராது. காற்று நிரப்பும் ரகமும் இதற்குச் சரிவராது.

கேள்வி: டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். பெந்தோட்டையில் ஒற்றை ஸ்கீ பழகலாமா? (லண்டன், ஒன்ராறியோ)

பதில்: நல்ல இடம். கடலில் இல்லாமல் ஆற்றுக் களப்பில் ஓடுவார்கள், தண்ணீர் சூடு, காலையில் அலையும் குறைவு. கடற்கரையில் வந்து பேசும் தரகரிடம் காசு கொடுக்காதீர்கள், படகடிக்குப் போங்கள். நிமிடக் கணக்கா சுற்றுக் கணக்கா, விழுந்து கிடக்கும் நேரமும் அதில் சேருமா என்று ஏற முன் கேளுங்கள். பழகுகிறவருக்குப் பாதி நேரம் தண்ணீரில் கிடப்பதிலேயே போகும்.

கேள்வி: மகனுக்கு 14 வயது. இரண்டு ஸ்கீயில் நன்றாக ஓடுகிறான். ஒற்றைக்கு எந்தக் கால் முன்னால் என்று தெரியாமல் என்ன வாங்குவது? (ஒஷாவா)

பதில்: பழைய சோடி ஸ்கீ இருந்தால் பாருங்கள், பெரும்பாலும் அதில் ஒன்றில் பின்கால் வைக்க இன்னொரு பட்டி இருக்கும். இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். படகுக்கு நேர் பின்னால் ஓடும்போது ஒரு ஸ்கீயை ஒரு சாண் தூக்கச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. எந்தக் காலில் ஆடாமல் நிற்கிறானோ அந்தக் கால்தான் முன்னால்.

அப்புறம் மற்ற ஸ்கீயின் காலணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஓடும்போது குதிகாலைத் தூக்கிக் காலை உருவச் சொல்லுங்கள். உருவிய காலை அவசரப்பட்டுப் பட்டிக்குள் நுழைக்கப் பார்ப்பான், அங்கேதான் எல்லோரும் விழுவது. முதலில் பெருவிரலைத் தண்ணீரில் இழுபட விட்டு, முன்காலில் நிலை வந்த பிறகு பட்டிக்குப் பின்னால் பலகையில் வைத்து, மெல்ல முன்னுக்குத் தள்ளட்டும். கண் படகில் இருக்க வேண்டும், காலைப் பார்த்தால் குனிவான். கழற்றிய ஸ்கீ மிதக்கும். உங்கள் படகுத்துறைக்குக் கிட்ட வரும்போது கழற்றச் சொல்லி, கரையில் நிற்கும் ஒருவர் உடனே எடுத்துவிடட்டும், இன்னொரு படகு அதன் மேல் ஏறக் கூடாது.